முசுறு எறும்பும் வாயில்லாப் பூச்சியும்

எண்பதுகளில், மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தோம். நூல் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற திமிர் நிறையவே இருந்தது. விறகுக்குக் காட்டுக்குப் போன ஒரு நாள் முசுறு எறும்புகள் அதை இறக்கி வைத்தன.

மருத மரத்தில் அவை கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, இரண்டு இலைகளை இழுத்துச் சேர்த்துப் பிடித்தன. வேறு சில தங்கள் புழுக்குஞ்சுகளை வாயில் தூக்கி வந்து, இந்த இலையில் ஒரு தொடு, அந்த இலையில் ஒரு தொடு. குஞ்சின் வாயிலிருந்து பட்டு இழை வந்தது. பிள்ளையையே தறி நாடாவாக ஓட்டுகின்றன! கழுத்தில் நாலு கடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

பக்கத்து மரத்தில் காட்டுப் பட்டுக்கூடு ஒன்று தன்னந்தனியாகத் தொங்கியது. கோழிமுட்டை அளவு, கொட்டாங்கச்சி போலக் கெட்டி. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"கொதிதண்ணியில போட்டு, எவ்ளோ நூலு வருதுன்னு பாக்கலாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தொட்டீங்கன்னா பாருங்க! உள்ள இருந்து என்ன வருதுன்னு நான் பாக்கணும்."

ஆறு வருடம் புழு வளர்த்தும், எங்கள் கூட்டிலிருந்து பூச்சி வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அதற்குள் மார்க்கெட்டுக்குப் போய், யார் வீட்டுக் கொதிநீரிலோ விழுந்துவிடும். ஒரு தடவையாவது பார்த்துவிட மனசு அடித்துக்கொண்டது.

புழு வளர்க்கும் கொட்டகையில் அந்தக் காட்டுக் கூட்டை ஒரு கூடையில் வைத்திருந்தேன். இருபதாம் நாள் சாயங்காலம் பூச்சி வெளியே வந்தது. இரண்டு உள்ளங்கையையும் மூடும் சிறகு. ஒவ்வொரு சிறகிலும் கண்ணாடி போல ஒரு வட்டம்; அதன் வழியாக என் கைரேகை தெரிந்தது. முகத்தில் தேடினால் வாயே இல்லை. எறும்புக்கு வாய்தான் கை, கத்தி, ஊசி எல்லாம். இதற்கோ ஒரு சொட்டுத் தண்ணீருக்கும் வழியில்லை. இருக்கிற நாலைந்து நாளில் ஜோடி சேர்ந்தால் உண்டு.

மறுநாள் விடிந்தபோது, ஜன்னல் வலைக்கு வெளியே ஓர் ஆண் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. காடு இரண்டு மைல் தூரம். யார் போய்ச் சொன்னது? உள்ளே இருந்தது பெண்; அவள் வாசம் அத்தனை தூரம் போயிருக்கிறது.

"வலையத் தொறந்துராத. ஊசி ஈ பூந்து புழு மேல முட்ட வெச்சுச்சுன்னா பூராவும் போயிரும்" என்றார் அவர்.

கூடையோடு அவளை வெளியே எடுத்துப்போய் வேலியில் வைத்தேன். அவன் வந்து சேர்ந்தான். சாயங்காலம் வரை இரண்டும் அசையவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்து, "அடேயப்பா" என்றார்.

பத்து நாள் கழித்து எங்கள் கூடுகள் மார்க்கெட்டுக்குப் போயின. வியாபாரி ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே கடகடத்தது.

"உசுரோட இருக்குதுங்க. நல்ல கூடு" என்றார்.

எப்போதும் அதைக் கேட்டால் பூரித்துப்போவேன். அன்றைக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.