கோப்பை விளிம்பில் ஒரு கிராம்

வேலம்பாளையத்தில் நான் குடியிருந்த லைன் வீட்டில் அடுத்த வாசல் அந்த அக்காவுடையது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவருடைய அம்மா குன்னூரில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் சமைத்தவர். அந்தக் குடும்பம் நாடு திரும்பும்போது கொடுத்த ஆறு பீங்கான் கோப்பைகளும் அவற்றுக்கான ஆறு தட்டுகளும் அக்காவிடம் இருந்தன. விளிம்பில் பொன்னிறக் கோடு. கிறிஸ்துமஸுக்கு மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும்.

தங்கம் விலை ஏறிக்கொண்டே இருந்த வருடங்கள் அவை. மகளின் நிச்சயத்துக்குக் கம்மல் செய்ய அக்கா ஆசாரியிடம் பழைய நகையைக் கொடுத்திருந்தார். அதில் ஒரு கிராம் தங்கம் குறைந்தது.

"தம்பி, பேப்பர்ல வேல பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியும். இந்தக் கோடு நெசத் தங்கமுங்களா?"

நான் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். "பழைய சாமானுக்கு நெசத் தங்கம்தான் பூசுவாங்க, அக்கா."

"அத்தனையும் சொரண்டுனா ஒரு கிராம் தேறுமுங்களா?"

"தேறும்ங்க."

முதல் பதில் எங்கோ படித்தது. இரண்டாவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒரு நிருபர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால், யார் சொன்னது என்று கேட்டு அந்த வரியை அடித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரியிடம் போகத் துணைக்குக் கூப்பிட்டார். அதற்குள் உப்புத்தாளால் பன்னிரண்டு விளிம்புகளையும் தேய்த்து, தூளைப் பனியன் வேஸ்ட் துணியில் துடைத்துப் பொட்டலம் கட்டியிருந்தார். ஆசாரி துணியை எரித்து, சாம்பலில் வெங்காரம் போட்டு உருக்கினார். மண்கிண்ணத்தின் அடியில் மினுங்கியதை அவருடைய இடுக்கியால் பிடிக்க முடியவில்லை.

"வெறும் பூச்சுங்க இது. கரிச் செலவுக்குக்கூடக் கட்டாது. கோப்பையா கொண்டாந்திருந்தா ஆசப்பட்டு யாராச்சும் வாங்கியிருப்பாங்க. எந்த மகராசன் சொன்னானுங்க, சொரண்டச் சொல்லி?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் செஞ்சேன்."

நான் மண்கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தேன். கம்மல் ஒரு கிராம் குறைத்தே செய்யப்பட்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அதே கோப்பையில் டீ கொடுத்தார். வெளுத்த விளிம்பு உதட்டில் சொரசொரவென்று பட்டது. நான் குடிப்பதை நிறுத்தியதைப் பார்த்துவிட்டார்.

"சூடுங்களா, தம்பி?"

"ஆமாங்க, அக்கா" என்றேன். டீ ஆறித்தான் இருந்தது.