மாடி அறையில் அக்கா

இன்று விடுதி அலமாரியைத் திறந்ததும் வந்த அந்துருண்டை வாசனை, செங்கம் ரோட்டில் மூடிக் கிடந்து பிறகு இடிக்கப்பட்ட பழைய லாட்ஜுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. ஆள் போன பிறகும் அதன் அறைகளில் அந்த வாசனை தங்கியிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம், பெரிய கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்படப்போகிற அக்கா, என்னையும் கூட்டிக்கொண்டு பின்கதவு வழியே உள்ளே நுழைந்தாள். புறாக்கள் முனகிக்கொண்டிருந்த மரப்படிகளில் ஏறி, மாடி அறையொன்றின் ஜன்னலைத் தள்ளியதும் எங்கள் ஊர் மலை முழுசாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறை. இரும்புக் கட்டிலின் தூசியைத் தாவணியால் துடைத்தவள், "கொஞ்ச நேரம் நான் மட்டும் தனியா இருக்கறேன்டி, நீ வெளிய உக்காந்துக்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் பாடுவது கேட்டது. வீட்டில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. இருட்டத் தொடங்கியும் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை.