மாமா குடித்த தவளைச் சூப்

என் மாமனாரைத் தவளை எழுப்பி உட்கார வைத்தது. திரும்பப் படுக்க வைத்தது நான். இரண்டையும் சொல்லவேண்டும்.

சுவிஸில், ஃப்ரிபூர்க் நகரத்தில் ஒரு பழைய உணவகத்தின் சமையலறையில் நெடுநாளாக வேலை செய்கிறேன். தவளைக்கால் அங்கே பேர்போன சாப்பாடு. தோலுரித்த கால்கள் சோடி சோடியாக வரும். கழுவி, நுனி நறுக்கி, மா பிரட்டிக் கொடுப்பது என் வேலை. எங்கள் கலியாணப் பேச்சு வந்தபோது மாமனார் கேட்டது இதைத்தான்: "தவளை உரிக்கிறவனுக்கோ என்ரை பிள்ளை?" பிள்ளை அவர் பேச்சைக் கேட்கவில்லை, என்னைக் கட்டினாள். ஊரில் என் ஆட்களை அவர் வீட்டுப் படலைக்குள் விட்டதில்லை. ஆனால் அந்தக் கதையை அவர் வாயால் எடுக்கவில்லை, தவளையைத்தான் சொன்னார். எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது. தொழிலை என்றாவது மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

போன வருடம் அவருக்குக் குடலில் சத்திரசிகிச்சை நடந்தது. துன் நகரத்தில் தனியாக இருந்தவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். புரதம் நிறைய வேண்டும், கொழுப்பு கூடாது, எடை ஏறாவிட்டால் மூக்கால் குழாய் விடவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். என் மனைவி விடியவே முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விடுவாள். போகுமுன் கோழிச் சூப் வைத்துவிட்டுப் போவாள். எனக்கு வேலை பின்னேரம்தான். மத்தியானம் அவருக்குக் கொடுப்பது நான், அவர் சத்தியெடுத்ததைத் துடைப்பதும் நான். கோழி ஒத்துவரவில்லை. மீன் மணமே ஆகாது. பருப்பு வயிற்றை ஊதவைத்தது. துடைக்கும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாளாவது 'தம்பி' என்று கூப்பிட்டதில்லை.

எங்கள் தலைமைச் சமையற்காரர் தவளையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். புரதத்தில் கோழி நெஞ்சுக்குப் பெரிதாகக் குறைவில்லை, கொழுப்பு பேருக்குத்தான் என்பார். பண்ணைத் தவளை தீனி தின்று சும்மா கிடப்பதால் சதை மெத்தென்று இருக்கும், கொழுப்பும் ஒரு சொட்டு அதிகம். குளத்தில் பிடித்தது துள்ளித் திரிந்ததால் இறுக்கம், ருசி. ஆனால் அந்தக் குளத்துத் தண்ணியில் என்ன கிடந்ததோ அது சதையிலும் கிடக்கும். இந்த நாட்டில் குளத்துத் தவளையைப் பிடிக்கவும் விடமாட்டார்கள். எனக்கு வேண்டியது மெத்தென்ற, சுத்தமான சதை. உறைந்த பண்ணைத் தவளைக்கால் பெட்டி ஒன்றைச் சம்பளத்தில் கழித்து வாங்கிவந்தேன்.

மனைவியின் கோழிச் சூப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, தவளையை அவித்து, எலும்பு நீக்கி, மிளகும் சீரகமும் போட்டு அதே கோப்பையில் கொடுத்தேன். குடித்தார். வயிற்றில் நின்றது. நல்ல மனதோடு செய்தேன் என்று சொல்லமாட்டேன். அவர் ஒவ்வொரு கரண்டியாக விழுங்கும்போது எனக்குள் குளிர்ந்தது.

இரண்டு மாதத்தில் எடை ஏறியது. படிக்கட்டு இறங்கி அஞ்சல்பெட்டிவரை நடந்தார். வைத்தியர் கைகொடுத்துப் பாராட்டினார். அந்த ஞாயிறு மூவரும் மேசையில் இருந்தோம். அன்றைய சூப்பையும் நான்தான் வைத்திருந்தேன். மனைவி அதைக் கோழி என்றே நினைத்தாள். மாமனார் கோப்பையைச் சுரண்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளையின்ரை கைப்பக்குவம். உனக்குத் தவளை உரிக்கிறதைத் தவிர என்ன தெரியும்?"

நுணலும் தன் வாயால் கெடும். நான் வாயைத் திறந்தேன்.

"நீங்கள் குடிச்சது தவளைதான் மாமா. ரெண்டு மாதமாத் தவளை."

அவர் முகம் கோணுவதை மனதுக்குள் எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அது கோணவில்லை. கரண்டியை மெதுவாக வைத்தார்.

"அது கிடக்கட்டும். ஆர் அடுப்பிலை வைச்சது?"

"நான்தான்."

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், கைகழுவும் தொட்டியில் குனிந்து தொண்டைக்குள் விரல் விட்டார். ஒன்றும் வராதபோதும் விட்டுக்கொண்டே இருந்தார். மனைவி அவர் முதுகைத் தடவினாள். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாள் எனக்குக் கேட்கவே மகளிடம் சொன்னார்: "தவளையெண்டாலும் மருந்தெண்டு குடிப்பன். நீ வை, பிள்ளை."

அவள் என்னிடம் வந்தாள். குரலில் கோபமில்லை, அதுதான் என்னைக் கொன்றது.

"நீங்கள் வாங்கிக்கொண்டு வந்து தாங்கோ. நான் வைக்கிறன். கொஞ்ச நாளைக்கு அடுப்படிக்குள்ளை வராதேங்கோ."

நான் கழுவி வைத்த பானையை அவள் எடுத்து மறுபடி தேய்த்தாள். என்னோடு இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். அவர் அவள் வைத்த தவளையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கையிலிருந்த பெட்டி முடிந்ததும் நான் அடுத்தது வாங்கவில்லை. வரத்து நின்றுபோச்சு என்றேன். உணவகத்து உறைபெட்டியில் மூடமுடியாமல் தவளைக்கால் நிறைந்து கிடந்தது. அவள் திரும்பக் கோழி வைத்தாள், அவர் திரும்பச் சத்தியெடுத்தார். இந்தமுறை துடைத்தது அவள். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை.

பனிக்காலம் தொடங்கமுன் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டார்கள். மூக்கில் பிளாஸ்டர், மேலே தொங்கும் பையில் பால்நிறத்தில் ஏதோ. அதை ஆர் கலந்தது என்று மாமனார் கேட்கவில்லை. மனைவி கட்டிலின் மறுபக்கம் இருந்தாள்.

"உங்கடை இடத்துக்குத் தவளை இன்னும் வரேல்லையோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.