தறி நின்ற அரைமணி நேரம்

திருத்தணிப் பக்கம் பொதட்டூர்பேட்டையில், எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறிச் சத்தம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சென்னையில் இரண்டு வருடம் சீன மொழியும் படித்தேன். மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான நேர்காணல் வீடியோ காலில் வந்தது. குரலின் ஏற்ற இறக்கம் காதில் விழாவிட்டால் சீனத்தில் ஒன்றும் பிடிபடாது. தறியை நிறுத்தச் சொல்லி அப்பா வீடு வீடாகப் போனார்.

“சீனாக்காரன் பொண்ணு குடுக்குறானா?” என்று சிரித்தபடி எதிர்வீட்டு மாமா தறியை நிறுத்தினார். தெருவே அடங்கியது.

அரைமணி நேரம் பேசினேன். “திங்கட்கிழமை வேலையில் சேருங்கள்” என்று சீனத்தில் சொன்னார் அந்த நிறுவனத்துப் பெண்மணி.

வெளியே வந்தால் ஜன்னலோரம் பத்துப் பேர்.

“இன்னாடா, கெடச்சிச்சா?” என்றார் அப்பா.

“ஆங், கெடச்சிடுச்சி நைனா!”

“அந்தம்மா சொன்னத சீனாவுல இன்னொரு தபா சொல்லு.”

மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை தெருவே கூடச் சேர்ந்து சொன்னது.