ஆரஞ்சு ஜாக்கெட்

அக்காவின் கை நடுங்காது. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊசி குத்தி இரத்தம் எடுக்கிற கை அது. ஊசியைப் பார்த்தாலே கூப்பாடு போடும் குழந்தைகளும், நரம்பு கிடைக்காமல் வேறெங்கோ நாலு இடத்தில் குத்து வாங்கி வந்த பெரியவர்களும் வாசலிலேயே நின்று கேட்பார்கள், "அந்தக் கண்ணாடி போட்ட அம்மா இருக்காங்களா?" இருந்தால் உள்ளே வந்து சட்டையின் கையைச் சுருட்டுவார்கள். இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று நழுவிவிடுவார்கள்.

வீட்டிலும் அந்தக் கையை யாரும் சும்மா விடவில்லை. பிறந்தநாள், கல்யாணம், புதுக் குழந்தை, புது வண்டி, எதுவானாலும் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், போன் அவளிடம் வந்துவிடும். "அக்கா, நீயே எடு. உன் கைதான் ஆடாது." அவளும் குட்டையானவர்களை முன்னால் இழுத்து நிறுத்தி, "வயித்தை உள்ள இழுங்க, தாடையைத் தூக்குங்க, சித்தப்பா கண்ணை மூடாதீங்க, இது ஒண்ணும் எக்ஸ்ரே இல்ல" என்று அதட்டி எடுப்பாள். நன்றாகவே எடுப்பாள். அதனால்தான் எந்தப் படத்திலும் அவள் இல்லை.

அவளுடைய மகன் ஒருமுறை, அம்மா கூப்பிட்டால் போனில் முகம் தெரிய வேண்டும் என்று படம் தேடியிருக்கிறான். கிடைத்தது ஒன்றே ஒன்று, வேலை அடையாள அட்டையில் இருக்கிற படம். அதில் அக்கா, தன் கையிலேயே யாரோ ஊசி குத்தப் போகிறார்கள் என்பதுபோல முழித்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கும் அவன் போனில் அந்த முழிதான்.

இதையெல்லாம் அறிந்தவள்தான் அவள் தங்கை சின்னவள். அறியாதவள் செய்திருந்தால் அது வேறு கதை.

சின்னவளுக்குக் கூரியர் நிறுவனத்தில் புகார் கேட்கிற வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பார்சல் வராதவர்களிடமும், உடைந்து வந்தவர்களிடமும், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் பிரித்துவிட்டதாகக் கத்துகிறவர்களிடமும் நாள் முழுக்க, "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்ல வேண்டும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிர்சாதனம் மட்டும் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்த முனகல் தாங்காமல், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போய், "கிளம்பு, கடலுக்குப் போறோம்" என்றாள்.

"உன் மாமா வர வேணாமா?" என்றாள் அக்கா.

அக்காவின் கணவர் தன் சைக்கிள் கடையில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதன் கோணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி பாக்க அவ்வளவு தூரமா? குழாயைத் திறந்தா வருதே" என்றார். அப்படியாக அக்காவும் தங்கையும் மட்டும் கிளம்பினார்கள்.

முதல் நாள் மணலில் நடந்தார்கள், சோளம் தின்றார்கள், நன்றாகத் தூங்கினார்கள். இரண்டாம் நாள் கடற்கரையின் கோடியில், நீல விரிப்பால் கூரை போட்ட ஒரு கொட்டகையின் பலகை முன்னால் அக்கா நின்றுவிட்டாள். வாட்டர் ஸ்கூட்டர் சவாரி, ட்ரோன் படப்பிடிப்புடன். பலகையில் ஒரு பெண் கூந்தல் பறக்க அலைமேல் போய்க்கொண்டிருந்தாள்.

"இதை யாருப்பா எடுத்தது?" என்று அக்கா கொட்டகைக்குள் இருந்த ட்ரோன்காரனைக் கேட்டாள்.

"ட்ரோன்தாம்மா. நீங்க ஸ்கூட்டர்ல போனா அதுவே உங்களைப் பாத்துக்கிட்டு பின்னாடி பறந்து வரும்."

"கேமராவை யாரும் பிடிக்க வேணாமா?"

"யாரு பிடிக்கிறது, பருந்தா?"

அக்கா சிரிக்கவில்லை. தங்கையின் பக்கம் திரும்பி, ஏதோ பெரிய செய்தி கேட்டவள்போலத் தணிந்த குரலில் சொன்னாள், "யாரும் பிடிக்க வேணாமாம்டி."

சின்னவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "உனக்குத்தான்க்கா ட்ரோன். நான் சும்மா கூட வரேன்" என்று ஆளுக்கொரு ஸ்கூட்டரும், அக்காவுக்கு மட்டும் ட்ரோனும் சொன்னாள். அந்த நிமிடம் அவள் மனதில் கள்ளம் இல்லை. பிற்பாடு தன்னைத் தானே எவ்வளவு கிண்டிப் பார்த்தபோதும், அந்த நிமிடம் மட்டும் சுத்தமாகத்தான் இருந்தது.

அக்கா உடை மாற்றப் போனாள். ட்ரோன்காரன் இரண்டு மிதவை ஜாக்கெட்டுகளை மேசைமேல் போட்டான். ஒன்று பளிச்சென்ற ஆரஞ்சு. மற்றது வெளுத்துப்போன நீலம், நனைந்த சாக்கு வாடை அடித்தது.

"ஆரஞ்சு அவங்களுக்கு. ட்ரோன் ஆளைப் பாக்காது, ஆரஞ்சைத்தான் பிடிச்சுக்கும். நீங்க பக்கத்துலயே போனாலும் உங்களைக் கண்டுக்காது. ஜாக்கெட்டை மட்டும் மாத்திடாதீங்க, சரியா?"

"சரி" என்றாள் சின்னவள்.

பேச்சுவாக்கில் அவன் காலையில் எடுத்த யாருடைய வீடியோவையோ போட்டுக் காட்டினான். வெள்ளித்தாளைக் கசக்கி விரித்ததுபோல் கடல். நடுவில் ஒரு பெண், கைகளை விரித்துக்கொண்டு, உலகத்தில் யாரிடமும் எதற்கும் வருந்தாதவளாகப் போய்க்கொண்டிருந்தாள். சின்னவள் அதைப் பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறையின் முனகல் ஒரு கணம் நின்றுபோனது போலிருந்தது. வீடியோ முடிந்தது. அவள், "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

அக்கா வந்து ஆரஞ்சை மாட்டிக் கொக்கியைப் போட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுதுடி. சின்ன சைஸ் போல" என்றாள்.

பக்கவாட்டில் ஒரு பட்டி இருக்கிறது. அதன் கொக்கியை லேசாகத் தூக்கினால் பட்டி தளர்ந்துவிடும். சின்னவளுக்கு அது தெரியும். ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் தன் நீல ஜாக்கெட்டில் அதைச் செய்திருந்தாள். கையை நீட்டினால் போதும்.

"கழட்டிடு. இதைப் போட்டுக்கோ, இது லூசா இருக்கு" என்றாள்.

"உனக்கு?"

"எனக்கு எதுவா இருந்தா என்ன?"

அக்கா நீலத்துக்குள் புகுந்து பெரிதாக மூச்சு விட்டாள். "நல்லவேளைடி" என்று தங்கையின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். ட்ரோன்காரன் அதற்குள் மணலில் தூரமாகப் போய், குடைக்கடியில் கருவியோடு உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்து பார்க்க அவனுக்கு ஒரு ஆரஞ்சும் ஒரு நீலமும்தான்.

சின்னவள் தண்ணீரில் இறங்கும்போது, திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம், இன்னொரு சுற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரை ஓட்டுகிற ஆள் அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து முடுக்கியதும் அந்த நினைப்பும் கரையிலேயே நின்றுவிட்டது. ஸ்கூட்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. தலைக்கு மேல் பெரிய வண்டுபோல ஒரு ரீங்காரம் கூடவே வந்தது. அவள் கைகளை விரித்தாள். வாய்விட்டுக் கத்தினாள். ஒரு வார்த்தைகூட மன்னிப்பு கேட்காத கத்தல்.

அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் அக்காவின் ஸ்கூட்டர். அக்கா கடலைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகை நிமிர்த்தி, வயிற்றை உள்ளிழுத்து, தாடையைத் தூக்கி, அத்தனை வருடமாக மற்றவர்களை அதட்டிய அத்தனையையும் தானே செய்துகொண்டு, பறந்துவந்த ட்ரோனுக்குச் சிரித்தாள். ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். ட்ரோன் சின்னவளின் தலைமேலேயே நின்றது.

அதன்பிறகு சின்னவள் கைகளை விரிக்கவில்லை.

கரைக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா நனைந்த கோழிபோல நின்றுகொண்டு, "நான் கண்ணை மூடலடி, ஒரு தடவைகூட மூடல" என்று அவ்வளவு பெருமையாகச் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்து ஒரு பெரிய கூட்டம் வரிசையில் நின்றது. வீடியோ சாயங்காலம் போனுக்கு வந்துவிடும் என்று ட்ரோன்காரன் சொல்லி அனுப்பினான்.

அக்கா அதை அவசரமாகப் பார்க்க விடவில்லை. குளித்து, தலை வாரி, விடுதி அறையின் ஒற்றை நாற்காலியை விளக்குக்கு அடியில் இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான், "இப்ப போடு" என்றாள். மாமாவுக்கு வேறு முன்கூட்டியே போன் போட்டு, "குழாயில வராத தண்ணி ஒண்ணு அனுப்புறேன், பாருங்க" என்று சொல்லியாகிவிட்டது.

வீடியோ ஓடியது. அக்கா முன்னால் சாய்ந்தாள். இன்னும் சாய்ந்தாள்.

"இது நீடி."

"ஆமாம்போல."

"நான் எப்ப வருவேன்?"

ஒரு இடத்தில், படத்தின் மூலையில் நீலமாக ஏதோ வந்து போனது. அக்கா அங்கே நிறுத்தச் சொன்னாள். விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்க ஆக்க அது கலைந்து, கடலோடு கடலாகிவிட்டது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அதுக்கு என்ன தெரியும், பாவம். அழகா இருக்கிறவ பின்னாடி போயிருக்கு."

ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு.

அதோடு விடாமல் அக்கா, "நல்லா வந்திருக்கடி, வீணாக்கக் கூடாது" என்று தன் கையாலேயே அதைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினாள். போன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. சித்தப்பா இதயம் போட்டார். அக்கா மகன் எழுதியிருந்தான்: "சித்தி சூப்பர். எடுத்தது அம்மாதானே? அலையில நின்னுகூட கை ஆடலையே!" அதன்கீழே மாமா: "உங்க அம்மா கைன்னா சும்மாவா."

அக்கா இரண்டையும் வாய்விட்டுப் படித்தாள். ஏதோ பதில் தட்டத் தொடங்கினாள். நடுவில் நிறுத்தி, அழித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். "உப்பு போகத் துணியை அலசணும்" என்று குளியலறைக்குப் போய்விட்டாள். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. இரண்டே துணி அது.

வாடிக்கையாளர் ஒருவருக்கு வர வேண்டிய பார்சலை வேறொருவர் பிரித்துவிட்டால் என்ன செய்வது என்று சின்னவளுக்கு அலுவலகத்தில் பாடம் எடுத்திருக்கிறார்கள். அந்த வார்த்தைகள் அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தன. அதனாலேயே எதுவும் வாயை விட்டு வரவில்லை. அவற்றையெல்லாம் முகம் தெரியாதவர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்த்தாகிவிட்டது.

மறுநாள் மதியம் பஸ். காலையில் எழுந்ததும், "வாக்கா, இன்னொரு தடவை போலாம்" என்று அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கொட்டகையின் நீல விரிப்பு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பத்தில் சிவப்புக் கொடி. ஸ்கூட்டர்களை மணலில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"இன்னிக்கு இல்ல மேடம். காத்து அடிக்குது பாருங்க."

"ஸ்கூட்டர் வேணாம். ட்ரோனை மட்டும் விடுங்க. அக்கா கரையிலயே நிக்கட்டும். அஞ்சு நிமிஷம்."

"பறந்தா பக்கத்து ஊருல போய்தான் எடுக்கணும்."

"நேத்து அவங்க படத்துலயே வரலைங்க."

அவன் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். தன் தொழிலைக் குறை சொன்ன எரிச்சல். "எப்படி வருவாங்க? ஆரஞ்சைத்தான் பிடிக்கும், ஜாக்கெட்டை மாத்தாதீங்கன்னு உங்ககிட்டத்தானே சொன்னேன்? இந்த மேசைகிட்ட நின்னு சரின்னு சொன்னீங்களே. மாத்திப் போட்டுக்கிட்டு இப்ப ட்ரோனைச் சொன்னா?"

சின்னவள் கொடிக்கம்பத்தைப் பார்த்தாள். மணலைப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அக்காவைப் பார்த்தாள்.

அக்கா மேசைமேல் கிடந்த ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்தாள். புரட்டினாள். பக்கவாட்டுப் பட்டியைக் கண்டுபிடித்து, அதன் கொக்கியைத் தூக்கி இழுத்தாள். பட்டி சரசரவென்று தளர்ந்தது. எடுத்த இடத்திலேயே ஜாக்கெட்டை வைத்துவிட்டு, ஊசி குத்துமுன் கேட்கிற அதே அமைதியான குரலில் கேட்டாள்:

"இதைத் தளர்த்த உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும்க்கா."

அக்கா தலையை ஆட்டினாள். முன்னால் நடந்தாள். விடுதியைக் காலி செய்துவிட்டு, சின்னவள் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே பஸ் நிலையத்துக்குப் போனாள். வழியெல்லாம் "அக்கா" என்று மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் "ம்" என்று பதில் வந்தது.

பஸ் நிலையத்தில் ஒரு குடும்பம் பெட்டிகளோடு கும்பலாக நின்றிருந்தது. அதில் ஒரு பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். எந்தக் கூட்டத்திலும் எப்படியோ அக்காவைத்தான் கண்டுபிடிப்பார்கள். நேராக, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் வந்து போனை நீட்டினாள். "கொஞ்சம் எங்களை ஒரு படம் எடுத்துக் கொடுங்களேன்."

அக்காவின் கை பழக்கத்தில் பாதி தூரம் நீண்டது. பிறகு மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இவ எடுத்துக் கொடுப்பா" என்றாள் அக்கா. "இனிமே இவதான் எடுப்பா."

சின்னவள் போனை வாங்கினாள். குடும்பம் வரிசையாக நின்று பல்லைக் காட்டியது. யாரை முன்னால் இழுப்பது, யாரை அதட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கை நடுங்கியது. எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் பார்த்துவிட்டு, மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டே, "ஒரே ஒரு தடவை, இன்னொண்ணு..." என்றாள்.

சின்னவள் உதவிக்கு அக்காவைப் பார்த்தாள். அக்கா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடு" என்றாள், திரும்பாமலே. "வீட்டுக்குப் போனதும் என்னை எடுக்கணும் இல்ல."