தப்பான போல்ட்டைக் கழட்டின சனிக்கிழமை

சூடா வழிஞ்ச எண்ணெயோட வாடைதான் முதல்ல ஞாபகம் வருது. அழுகுன முட்டை மாதிரி, மூக்கக் குத்துற வாடை… வேனுக்கு அடியில சாக்கு விரிச்சு மல்லாக்கப் படுத்திருக்கேன். முழங்கை வரைக்கும் பிசுபிசுன்னு வழியுது.

தொண்ணூறுகளோட கடைசி. கரமனையில வாடகை வீடு, சாலை பஜார்ல ஒரு ஹார்ட்வேர் கடையில கவுண்டர் வேலை. செல்வியக் கல்யாணம் பண்ணி ஒரு வருஷம்.

வேன் எங்களுது இல்ல. செல்வியோட தம்பி கல்ஃபுக்குப் போறப்ப எங்க வீட்டு முன்னால விட்டுட்டுப் போனது. "ஓட்டிக்கோங்க மச்சான், ஆயில் மட்டும் மாத்திருங்க"ன்னான்.

எனக்கு அதுவரை தெரிஞ்சது ஸ்கூட்டர்தான். பெட்ரோலோட ஆயிலக் கலந்து ஊத்துனா வேலை முடிஞ்சுது. ஆனாலும் நட்டும் போல்ட்டும் விக்கிற கடையில நிக்கிறவன் மெக்கானிக்கத் தேடிப் போறதான்னு ஒரு கெத்து…

மறுநாள் ஞாயிறு. போனக்காடு போய் மாமனாரக் கூட்டிட்டு வரணும். அங்க மலை எஸ்டேட்ல, தொழிலாளர் லயத்துல தனியா இருந்தார். ஒரு கண்ணு தெரியாது, இன்னொண்ணுல புரை. திங்கக்கிழமை காலையில ஆப்பரேஷன். ஞாயிறு சாயங்காலமே ஆஸ்பத்திரியில சேந்துரணும். அந்த டேட் கெடைக்கவே மூணு மாசம் ஆச்சு.

அந்த வேன்ல எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில இருக்கும். கீழ படுத்துப் பாத்தேன். கண்ணுல பட்ட முதல் போல்ட்டைக் கழட்டிட்டேன்.

செல்வி பேசின் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. எண்ணெயப் பாத்துட்டுக் கேட்டா,

"இதென்ன, தேன் கலர்ல இருக்கு? எஸ்டேட் ஜீப்புல மாத்துனா கரியா வரும்லா?"

"அது டீசல் வண்டி. இது பெட்ரோல். அப்படித்தான் இருக்கும்."

"ஒன்றரை லிட்டர்கூட இல்லியே. மூணு லிட்டர் ஊத்தணும்னு தம்பி சொன்னானே?"

"பழைய வண்டி செல்வி. மிச்சத்தக் குடிச்சிருக்கும்."

போல்ட்டை முறுக்கிட்டு, புது ஆயில் மூணு லிட்டரையும் எஞ்சின்ல ஊத்தினேன்.

அளவு பாக்குற கம்பிய உருவினேன். மேல் கோட்டையும் தாண்டி எங்கயோ நிக்குது. எஞ்சின்ல இருந்த பழைய ஆயில் வெளியவே வரலன்னு அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு. அப்ப நான் கழட்டினது எதை? தெரியல.

செல்வி என்னையே பாத்துட்டிருந்தா. கம்பிய வேட்டியில தொடச்சேன். திரும்பச் சொருகினேன்.

"கரெக்டா இருக்கு"ன்னேன்.

ஏன் சொன்னேன்னு இன்னிக்கு யோசிச்சாலும் பெரிய காரணம் ஒண்ணும் கெடைக்கல. தோத்த மாதிரி ஆயிரும்னு நெனச்சேன். அவ்வளவுதான்.

ஞாயிறு காலையில கிளம்பினோம். பேரூர்க்கடை தாண்டினதும் அடியில இருந்து ஒரு ஊளை. கியர் மாத்த மாத்த அது கூடுது. நெடுமங்காடு வர்றதுக்குள்ள பின்னால வெள்ளப் புகை. பைக்ல வந்த ஒருத்தன், "சேட்டா, வண்டி நிறுத்து, புகை!"ன்னு கத்திட்டுப் போனான்.

ஓரங்கட்டினேன். ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டே சொன்னேன்.

"நேத்தே தெரியும் செல்வி. கம்பியில அளவு தப்பா இருந்துச்சு."

"கம்பி எனக்குத் தெரியாது. உங்க மூஞ்சி தெரியும்ல்லா."

"அப்புறம் ஏன் ஏறுன?"

"சொல்லுவீங்கன்னு பாத்தேன். மலை ஏறுறதுக்கு முந்தி சொல்லிட்டீங்க."

அழுகையும் இல்ல, கோவமும் இல்ல. இறங்கி சேலைய உதறிட்டு, "பஸ் வர்ற நேரம். நான் போய் அப்பாவக் கூட்டிட்டு வாறேன். நீங்க வண்டியப் பாருங்க"ன்னு ஸ்டாண்டப் பாத்து நடந்துட்டா. போனக்காட்டுக்கு நாளைக்கு ரெண்டோ மூணோ பஸ்தான். அது போயிருந்தா எல்லாம் போச்சு.

பக்கத்துல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். ஞாயித்துக்கிழமையும் தொறந்து வச்சிருந்த புண்ணியவான். கீழ படுத்துப் பாத்துட்டு சிரிச்சு, மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார்.

"சாரே, நீங்க ஊத்திக் களஞ்சது கியர்பாக்ஸ் ஓயிலாணு. எஞ்சின் ஓயில் தொட்டிட்டே இல்ல."

நான் கொட்டினது கியர்பாக்ஸ் ஆயில், எஞ்சின்ல பழசு மேலயே புதுசையும் ஊத்தியிருக்கேன். ரெண்டையும் சரி பண்ணினார். கொண்டையூசி வளைவுகள்ல ஏத்தியிருந்தா கியர்பாக்ஸ் பிடிச்சு நின்னிருக்கும்னார். இறங்கறப்ப நின்னா என்ன ஆகும்னு நான் கேக்கல.

வேனை ஸ்டாண்டுக்கு எடுத்துட்டுப் போய், மத்தியானம் பூரா அங்கயே நின்னேன். ஒவ்வொரு பஸ்ஸா பாத்தேன்… மூணு மணி சுமாருக்கு வந்துட்டாங்க. மாமனார் கையில ஒரு பை, செல்வி அவர் தோளைப் பிடிச்சுட்டு. அவர் வேனைத் தடவிப் பாத்து, "வண்டி புதுசாட்டம் இருக்கே மாப்ள"ன்னார். செல்வி என்னைப் பாக்காம வெளிய பாத்துச் சிரிச்சா.

சாயங்காலமே அட்மிட் ஆயிட்டார். ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஏழு வருஷம் பேப்பர் படிச்சார்.

இப்ப கார் இருக்கு. சர்வீஸ் டேட் வந்தா போனுக்கு மெசேஜ் வரும். ஒரு பையன் வந்து எடுத்துட்டுப் போயி, கழுவித் தொடச்சுக் கொண்டாந்து விடுறான். பானெட்டைத் தொறந்தே வருஷக்கணக்காச்சு.

செல்விக்கு அவ ஆபீஸ், எனக்கு என் கடை. சனிக்கிழமையும் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ரூம். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல… ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் அவ்வளவு நேரம் பாக்குறது இல்ல, அவ்வளவுதான்.