எலும்புக்கு என்று சொல்லிச் சாப்பிட்ட மாத்திரை

2008 ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. மழை இல்லை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரி வந்து தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் என் மனைவியின் தம்பி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, என் வீட்டுச் சுவரிலேயே என்னை அடித்தான். முதல் அடியில் மூக்கு உடைந்தது. இரண்டாவது வாயில் விழுந்தது. நான் சரிந்து விழுந்த பிறகு இடுப்பில் மூன்று உதை. எனக்கு வயது அறுபத்தாறு, அவனுக்கு ஐம்பது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து மூட்டை சுமந்து உரமேறிய தோள் அவனுக்கு. நானோ இன்னொரு கம்பெனியில் லாரிக்கு ஏறும் பெட்டிகளை எண்ணி எழுதி ஓய்வு பெற்றவன்.

“மே மாசம் எங்கக்கா கைய ஒடிச்ச. இப்ப விலாவ ஒடிச்சிருக்க. அடுத்து என்னலே, கழுத்தா?”

“நான் தொடலை மாப்ளே.”

“தொடாமத்தான் ஒடிஞ்சுச்சோ? அவ என்ன வடகமா?”

வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினேன். அதோடு ஒரு பல்லும் வந்தது. எதிர்வீட்டார், பக்கத்து வீட்டார், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் என்று பதினோரு பேர் நின்று பார்த்தார்கள். ஒருவரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. அவர்களும் அவனைப் போலவே நினைத்திருந்தார்கள்.

என் மனைவி விலாவை அழுத்திப் பிடித்தபடி உள்ளேயிருந்து வந்தாள்.

“ஏலே, அவுகள விடு. அவுக என்னை அடிக்கல.”

“அடி வாங்குறவ எல்லாரும் இதத்தான் சொல்றாக. நீ கிளம்பு அக்கா.” பிறகு என் பக்கம் திரும்பினான். கோபத்திலும் எப்படியோ மரியாதை திரும்பி வந்திருந்தது. “மூணு வருசமா எலும்புக்கு மாத்திரை திங்கிறா. கல்லு மாதிரி இருக்கணும். அப்புறம் எப்படி ஒடியும்? படிச்சவுகதான, சொல்லுங்க.”

பதில் என்னிடம் இருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்ற பார்வை அது. அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தன் ஊரான ஆனைக்குட்டத்துக்குப் போய்விட்டான்.

அவள் சாப்பிட்டது எலும்புக்கான மாத்திரை அல்ல, மனச்சோர்வுக்கானது.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். 2005இல் ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே வந்த நேரத்தில் அவள் இருந்த அறை வெடித்தது. அவளோடு உட்கார்ந்திருந்த நான்கு பெண்களும் உள்ளே இருந்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள், கிடந்ததையெல்லாம் சாக்கில் பொறுக்கியவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு கையை அதில் இருந்த ரப்பர் வளையலை வைத்து இன்னாருடையது என்று அவள்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் ஊரில் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடி வெடித்துப் பார்க்காத நாள் கிடையாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் சுவரில் தலையை மோத ஆரம்பித்தாள். நான் இழுத்துப் பிடிப்பதற்குள் சுண்ணாம்பில் ரத்தம் படிந்துவிட்டது. அன்றே விருதுநகருக்குக் கூட்டிப்போனேன். மனநல மருத்துவர் தினம் காலையில் ஒரு மாத்திரை எழுதினார். ஒன்றரை மாதத்தில் அவளே ரசம் வைத்து, உப்புக் குறைவு என்று அவளே குறையும் சொன்னாள். அந்த மாத்திரையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்போது அவள் தம்பியின் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அத்தைக்காரிக்குப் புத்தி சரியில்லன்னு ஒரு பேச்சுக் கிளம்பினாப் போதும், அந்தப் பிள்ளை கல்யாணம் நின்னுரும்,” என்றாள் என் மனைவி. “கேட்டா எலும்புக்குன்னு சொல்லுங்க.”

கால்சியம் மாத்திரை வந்த பழைய டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகளை அதில் போட்டுவைத்தாள். மூத்தவள் கல்யாணம் முடிந்ததும் இளையவளுக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். டப்பா மாறவில்லை. தம்பி தன் மனைவியிடம், “எங்கக்காவப் பாரு, உடம்பை எப்படிக் கவனிக்கிறா” என்று பெருமையாகச் சொல்வானாம்.

மே மாதம் தெருக்குழாயில் குடத்தைத் தூக்கும்போது கால் வழுக்கி இடது கையை ஊன்றினாள். மணிக்கட்டு ஒடிந்தது. ஆகஸ்டில் டவுன் பஸ் பிரேக் போட்டதில் முன் சீட்டுக் கம்பியில் மோதி இரண்டு விலா. இரண்டு முறையும் நான் தெருவே கேட்கும்படி கத்தினேன். குடத்தை ஏன் தூக்கினாய், கம்பியை ஏன் பிடிக்கவில்லை என்று கத்தினேன். என் சுபாவம் அது. அக்கம்பக்கத்தார் காதில் விழுந்தது என் கத்தலும் அவள் அழுகையும்தான். அவர்கள் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்ட சிவகாசி டாக்டர், “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். அவள் தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

“கால்சியம்,” என்றாள்.

“நல்லது. அதையே விடாமச் சாப்பிடுங்க,” என்றார் அவர். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவளை ஏற்றிப்போன அவசரத்தில் டப்பா என் வீட்டிலேயே நின்றுவிட்டது. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று விருதுநகர் டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். மூக்கு வீங்கி மூச்சு விட முடியாமல் இரண்டு நாள் படுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆடிக் கடைசி வெள்ளி என்பதால் பஸ்ஸெல்லாம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். படியில் தொங்கிக்கொண்டுதான் ஆனைக்குட்டம் போய்ச் சேர்ந்தேன்.

தம்பி வாசலில் வேப்பங்கொப்பு வெட்டிக்கொண்டிருந்தான். கையில் அரிவாள்.

“மாத்திரையக் குடுத்துட்டுப் போறேன் மாப்ளே. அவ இதைச் சாப்பிட்டே ஆகணும்.”

“நீங்க குடுக்கிற பச்சத் தண்ணிகூட அவளுக்கு வேண்டாம். மிச்சப் பல்லாவது இருக்கணும்னா அப்படியே திரும்பிப் போங்க.”

நான் குடையால் அவன் காதோடு சேர்த்து ஓங்கி அடித்தேன். என் வாழ்நாளில் ஒரு மனிதனை நான் அடித்தது அது ஒன்றுதான். குடைக் கம்பி அவன் கன்னத்தைக் கிழித்தது. அவன் அரிவாளின் பிடியைத் திருப்பி என் தோளில் இறக்கினான். மறுபடி ஓங்கியபோது என் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். தலைக்குள் கரண்டு அடிப்பது போல இருக்கிறது என்று இரண்டு நாளாகச் சொல்லியிருக்கிறாள். பசி மயக்கம் என்று சொல்லிச் சோறு போட்டிருக்கிறார்கள்.

தள்ளாடியபடி எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். அவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, அவளை விலக்குவதற்காக வலது கையை முழங்கைக்கு மேலே பிடித்தான். பிள்ளையை ஓரமாக நிறுத்தப் பிடிக்கிற பிடிதான் அது. அந்த நேரம் அவளுக்குத் தலை சுற்றி உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. மேல்கை அவன் பிடிக்குள்ளேயே இரண்டாக மடங்கித் தொங்கியது.

அவள் போட்ட அலறலில் தெருவே ஓடிவந்தது. அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான் இழுக்கலையே மச்சான். சும்மா பிடிச்சேன். சும்மாதான் பிடிச்சேன்.”

“நானும் அதைத்தான் மாப்ளே சொன்னேன்,” என்றேன்.

அவள் மண்ணில் கிடந்தபடி சொன்னாள்: “அது எலும்பு மாத்திரை இல்லலே. கிறுக்குக்குச் சாப்பிடுற மாத்திரை. உன் மகளுக்காகத்தான் மறைச்சேன்.”

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பு டாக்டர் ஒரு பெண். டப்பாவை அவர் மேசையில் வைத்து, சுவரில் மோதியதைத் தவிர எல்லாவற்றையும் அவள் தம்பியை வைத்துக்கொண்டே சொன்னேன். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் எடுத்துவிட்டுக் கூப்பிட்டார்.

“இந்த மாத்திரை ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. மாதவிடாய் நின்ன வயசு, மெலிஞ்ச உடம்பு, மாசக்கணக்கா சாப்பிடாம இருந்திருக்காங்க. ஆனா இந்த வகை மாத்திரைய வருசக்கணக்கா எடுக்கிறவங்களுக்கு எலும்பு தேயலாம், எலும்பு முறியறதும் கூடலாம்னு இப்ப சொல்றாங்க. முதல் தடவை கை ஒடிஞ்சப்பவே சொல்லியிருந்தா அப்பவே பார்த்திருக்கலாம்.”

“அப்ப நிறுத்திரலாமா?” என்று கேட்டேன்.

“கூடாது. நிறுத்தினதாலதான் ரெண்டு நாளா தலை சுத்தியிருக்கு.” விருதுநகர் டாக்டரிடம் போனில் பேசினார். பழைய மாத்திரையைத் தொடர்ந்து, பிறகு மெல்ல மெல்லக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றலாம் என்று முடிவு செய்தார்கள். கால்சியம், வைட்டமின் டி, வாரம் ஒருமுறை எலும்புக்கு ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் தம்பி என் முழங்கையைப் பிடித்தான்.

“அந்த விருதுநகர் டாக்டர் வீடு எங்கனன்னு மட்டும் காட்டுங்க மச்சான்.”

அடிக்க இன்னொரு ஆள் கிடைத்த நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. சுவரில் அவள் தலையை மோதியதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். எத்தனை தடவை என்று கேட்டான். என்னால் எண்ண முடியவில்லை என்றேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள், கட்டில் ஓரத்தில் நின்று அவளிடம் கேட்டான்.

“எங்க வீட்டுக்கு வாரியா, இல்ல இவுக கூடப் போறியா அக்கா? உள்ளதச் சொல்லு.”

“அவுக கத்துவாக, நீ அடிப்ப. கத்துறதே தேவல.”

அவன் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன மாத்திரைன்னு சொல்ல?” என்றான்.

“கால்சியம்னே சொல்லு. இப்ப அதையும்தான எழுதியிருக்காக.”

நான் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு தகடு, அதில் எட்டுத் திருகாணி. ஒவ்வொன்றாகத் தொட்டு அவளுக்கு எண்ணிக் காட்டினேன். “போதும், பில்லைக் கட்டிட்டு வாங்க,” என்றாள். கீழே இறங்கிப் போய்க் கட்டினேன். ஆபரேஷன், தகடு, ஸ்கேன், படுக்கை, மருந்து எல்லாம் சேர்த்து நாற்பத்தேழாயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.